பூச்சில் பார்த்துக்கலாமா? வீடு கட்டும்போதும் மரவேலையிலும் எங்கே நூல் பிடிப்பது, எங்கே விட்டுவிடுவது

"பூச்சில் பார்த்துக்கலாம் சார்." வீடு கட்டுகிற எல்லோர் காதிலும் முதல் மாதத்திலேயே விழுந்துவிடுகிற வாக்கியம் இது. கொத்தனார் சொல்வார், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற செண்ட்ரிங்காரர் சொல்வார், நிலை வைக்க வந்த ஆசாரிகூடச் சில நேரம் சொல்வார். இதைக் கேட்டுச் சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு டைல்ஸ் போடும்போது முழிக்கிறார்கள். வேறு சிலர் லேசர் மீட்டர் வாங்கி வந்து செங்கல் செங்கலாக அளந்து, வேலைக்கு வந்தவர்களை அடுத்த வாரமே ஓட வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது ஆளுக்குத்தான் நஷ்டம் அதிகம். தேவையில்லாத இடத்திலெல்லாம் சண்டை போட்டுத் தீர்த்துவிடுவதால், தேவையான இடம் வரும்போது அவர் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை.

கொத்தனார் சொல்வது பொய்யும் இல்லை. பாதி இடங்களில் அது முழு உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, டேப்பைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தத் தப்பை மூடுகிற மாதிரி இதற்குப் பின்னால் இன்னொரு வேலை வருகிறதா? இது இங்கேயே நின்றுவிடுமா, இல்லை அடுத்தடுத்த வேலையில் சேர்ந்து பெருகுமா? இந்த இடத்தில் ஏதாவது அசையப் போகிறதா, அல்லது தண்ணீர் ஓடப் போகிறதா? மூடுகிற வேலை வருகிறது, பெருகாது, அசையாது, தண்ணீரும் இல்லை என்றால் அரை இன்ச் விட்டுக்கொடுங்கள், ஒன்றும் ஆகாது. மற்றபடி ஒரு நூலுக்கும் பேசலாம். (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். சைட்டில் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள், பழகிக்கொள்ளுங்கள்.)

முதலில் கருவியைச் சோதியுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை. ரசமட்டத்தை ஒரு சுவரோரமாக வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் அதையே இடம் வலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அதே பக்கம், அதே அளவில் நின்றால் மட்டம் சரி. மாறி நின்றால் அந்த ரசமட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூலைமட்டத்துக்கும் இதே வழிதான். நேரான ஓரம் உள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள், பிறகு மூலைமட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், தெரிகிற இடைவெளியில் பாதிதான் கருவியின் தப்பு.

டேப்பின் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பழுது என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. வெளியே மாட்டி இழுக்கும்போதும், உள்ளே முட்ட வைத்து அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் சேராமல் இருக்கத்தான் அந்த ஆட்டம். இன்னொன்று, சைட்டில் நாலு பேரிடம் நாலு டேப் இருக்கும், நாலும் ஒரே மாதிரி காட்டாது. மரவேலைக்காவது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே டேப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு கட்டி மார்க் பண்ணும் நாள்

மனையின் எல்லைக்கல்லை சர்வேயர் வைத்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். பக்கத்து மனைக்குள் மூன்று இன்ச் போய்விட்டால் அதை எந்தப் பூச்சும் மூடாது.

மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க 3-4-5 கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. இதைச் சின்ன அளவில் செய்வதில்தான் கோளாறு வருகிறது. குறுக்கு அளவில் கால் இன்ச் பிசகினால், 3-4-5 அடியில் செய்தவருக்கு 30 அடி தள்ளிப் போகும்போது சுவர் 3 இன்ச் விலகி நிற்கும். அதே கால் இன்ச் தப்பை 9-12-15 அடியில் செய்தால் 30 அடியில் ஒரு இன்ச்தான் விலகும். டேப்பும் அதே, ஆளும் அதே, தப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்காகிறது. அதனால் இடம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள், கடைசியில் வீட்டின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒப்பிட்டுவிடுங்கள். இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால் தப்பே இல்லை, ஏனென்றால் இந்தத் தப்பு டைல்ஸ் வரைக்கும் கூடவே வரும்.

ஆனால் குழி தோண்டுவதில் இன்ச் பார்க்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456-ஏ அஸ்திவாரப் புட்டிங் (தூணுக்கு அடியில் வருகிற கான்கிரீட் பாதம்) நீள அகலத்தில் 50 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால் பரவாயில்லை என்கிறது, குறைவது மட்டும் 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதே விதி, தூண், பீம் குறுக்களவுக்கு வரும்போது கூடுதல் 12, குறைவு 6 என்று இறுக்கிவிடுகிறது. மேலே போகப் போகத் துல்லியம் கூட வேண்டும் என்பதை விதி எழுதியவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். குழி எப்படி இருந்தாலும், தூண் நிற்கிற சென்டர் மட்டும் கயிற்றுக்கு வந்தே ஆக வேண்டும்.

கான்கிரீட்: கண்ணுக்குத் தெரியாததில் பிடிவாதம் வேண்டும்

வீட்டுக்காரர்கள் தளத்தின் அடிப்பக்கம் பலகை மூட்டுத் தெரிகிறதே என்று வருத்தப்படுவார்கள். அது பூச்சில் போய்விடும், நிஜமாகவே பார்த்துக்கலாம். உள்ளே கம்பி எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டில் தளத்துக்கு 20, தூணுக்கு 40, புட்டிங்குக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம்) வேண்டும், இதில் குறைவுக்கு விதி இடமே கொடுக்கவில்லை, கூடுதலாக 10 மி.மீ. வரைதான் அனுமதி. கருங்கல் ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் சொருகுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கவர் பிளாக் விலை மொத்தச் செலவில் தூசு, நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் பால்கனியும் சன்ஷேடும். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற தளத்தில் பாரத்தைத் தாங்குவது மேல்கம்பி. கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன் மேல் நடந்து நடந்து கம்பி கீழே இறங்கிவிடும். நாலு இன்ச் தளத்தில் மேல்கம்பி ஒரு இன்ச் இறங்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சேர் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள், நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். அன்று ஒரு நாள் மட்டும் சைட்டை விட்டு நகராதீர்கள்.

செங்கல்லும் பூச்சும்

செங்கல்லே துல்லியமான பொருள் இல்லை. ஐ.எஸ். 1077 தரப்படி 190 மி.மீ. நீளக் கல் 20 எடுத்து வரிசையாக அடுக்கினால் மொத்தம் 3,720 முதல் 3,880 மி.மீ. வரை இருக்கலாம், அதாவது கல்லுக்குச் சராசரியாக நாலு மி.மீ. முன்னே பின்னே. சூளைக் கல் பல நேரம் இதைவிடவும் மோசம். அதனால் ஒன்பது இன்ச் சுவரில் ஒரு முகம்தான் நூலுக்கு, அதாவது கட்டின கயிற்றுக்கு நேராக, வரும், மறுமுகம் கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். எந்த முகம் நூலுக்கு வேண்டும் என்று முதல் வரி வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு முகமும் வேண்டும் என்று கேட்டால் கொத்தனார் சரி என்றுதான் சொல்வார், செய்ய முடியாது.

தூக்கு மட்டும், அதாவது சுவர் செங்குத்தாக நிற்பதை மட்டும், விடாதீர்கள். மூன்று மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. வரைதான் சாய்வு இருக்கலாம் என்பது செங்கல் கட்டுமான விதி. தூக்குகுண்டு போட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், சுவர் நாலடி ஏறியதும் ஒரு தடவை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற பீம்) மட்டத்தில் ஒரு தடவை பாருங்கள். சாய்ந்த சுவரைப் பூச்சில் நேராக்கலாம்தான், ஆனால் அந்தக் காசை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். ஆயிரம் சதுர அடிச் சுவரில் 10 மி.மீ. கூடுதலாகப் பூச வேண்டியிருந்தால், 1:5 கலவையில் ஆறு மூட்டை சிமென்ட் போகும், மணலும் கூலியும் தனி. கனமான பூச்சை ஒரே நாளில் அப்பினால் தொங்கும், வெடிக்கும், அதையும் இரண்டு தடவையாகத்தான் பூச வேண்டும். "பூச்சில் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், எவ்வளவு பூச்சு என்று திருப்பிக் கேளுங்கள். அரை இன்ச் என்றால் சரி. ஒன்றரை இன்ச் என்றால் அன்றைக்கே பிரித்துக் கட்டுவது மலிவு.

அறை மூலை சதுரமாக இல்லை, 12 அடியில் ஒரு இன்ச் போய்விட்டது என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டைல்ஸை வாசல் பக்கத்திலிருந்து நேராகப் பிடித்துப் போட்டு, கோணலான வெட்டுத் துண்டைக் கட்டில் வருகிற சுவரோரம் தள்ளிவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அடி அளவை நம்பி டைல்ஸ் கணக்குப் போடுவதில் மட்டும் கவனம் வேண்டும். கடையில் 2-க்கு 2 என்று விற்பது 600 மி.மீ., முழு இரண்டடி இல்லை. 10 அடி அறை என்றால் 3,048 மி.மீ.; ஐந்து டைல் போட்டதும் கிட்டத்தட்ட இரண்டு இன்ச் அகலத்தில் ஒரு துண்டு பாக்கி நிற்கும், பார்க்கவே சகிக்காது. அந்த 10 அடியிலும் இரண்டு பக்கப் பூச்சு ஒரு இன்ச்சைத் தின்றுவிடும். பூச்சு முடிந்தபின் அளந்து, வரிசையை இரு பக்கமும் வெட்டுத் துண்டு வருகிற மாதிரி நகர்த்திக்கொள்ளுங்கள்.

மட்டக்கோடு, படிக்கட்டு, தண்ணீர்

பூச்சு வேலை தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். டைல்ஸ் போட்டு முடிந்தபின் வரப்போகிற தரை மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்தில், எல்லா அறைச் சுவரிலும் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் டியூப் போதும், உள்ளே காற்றுக்குமிழி மட்டும் நிற்கக் கூடாது. பூச்சு அந்தக் கோட்டை மூடிவிட்டால் திரும்பவும் போட்டுக்கொள்ள வேண்டும். இனி கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பெட்டி, சமையல் மேடை, தரை எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். பக்கத்தில் முடிந்த வேலையிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் சேர்ந்து சேர்ந்து, வீட்டின் மறுகோடியில் போய் ஒரு இன்ச்சாக நிற்கும்.

படிக்கட்டில் அரை இன்ச் வித்தியாசம்கூடக் காலைத் தடுக்கும். படி ஏழு இன்ச்சா, ஏழேகால் இன்ச்சா என்பது பெரிய விஷயமில்லை, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கிறதா என்பதுதான் விஷயம். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 126 இன்ச், 18 படி, ஆளுக்கு ஏழு இன்ச், கணக்கு அழகாக வருகிறது. கான்கிரீட்டில் 18-ம் ஏழு ஏழாகவே போட்டுவிடுவார்கள். அப்புறம் கீழ்த் தரையிலும் மேல் தரையிலும் கலவையும் டைலும் சேர்ந்து இரண்டு இன்ச் ஏறும், படிக்குக் கிரானைட்டும் கலவையும் ஒண்ணேகால் இன்ச் ஏறும். விளைவு, முதல் படி ஆறேகால் இன்ச், கடைசிப் படி ஏழேமுக்கால். ஒன்றரை இன்ச் வித்தியாசம், வருகிறவர் போகிறவர் எல்லாம் தடுக்குவார்கள். பலகை அடிக்கும்போதே முதல் படியை முக்கால் இன்ச் கூட்டி, கடைசிப் படியை முக்கால் இன்ச் குறைத்திருந்தால் முடிந்தது. உங்கள் தரைக்கும் படிக்கும் என்ன கனம் வருகிறதோ அதை வைத்து இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், செண்ட்ரிங் அடிக்கும் முன்பே.

தண்ணீர் போகிற இடத்தில் மட்டமாக இருப்பதுதான் தப்பு. பாத்ரூம், பால்கனி, மொட்டைமாடி எல்லாவற்றிலும் எட்டடிக்கு ஒரு இன்ச்சாவது வாட்டம் வேண்டும். நாலு இன்ச் கழிவுநீர்க் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி என்பது பழைய கணக்கு, இன்றும் கைகொடுக்கிறது. டைல்ஸ் ஒட்டி முடித்ததும், இடுக்கை அடைக்கிற பாயிண்டிங் செய்யும் முன், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அந்த டைலை அன்றைக்கே எடுக்கச் சொல்லலாம்.

நிலையும் கதவும்

மரத்தில் எல்லாமே துல்லியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நிலையில் ஒன்றிரண்டு விஷயம்தான் அப்படி. இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டு காலும் தூக்குக்கு நிற்க வேண்டும், அதுவும் முன்பக்கமாகவும் பார்க்க வேண்டும், பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்ப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே சாய்ந்தால் நிலை முறுக்கிக்கொள்ளும், அதில் மாட்டுகிற கதவு மேலே முட்டும், கீழே வாய் பிளக்கும், எந்த ஆசாரி வந்தாலும் சரி பண்ண முடியாது. கண்டுபிடிப்பது சுலபம்: நாலு மூலையிலிருந்தும் குறுக்காக இரண்டு நூல் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். இடைவெளி விழுந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ நிலையில் முறுக்கு இருக்கிறது.

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி வேண்டும். காகிதம் நுழையாத அளவுக்கு இறுக்கமாகச் செய்து காட்டுகிற ஆசாரியைப் பார்த்து மயங்காதீர்கள். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். மூன்றடி அகலத்துக்கும் முழுத் தேக்குப் பலகையாக இருந்தால், ஈரம் நாலு சதவீதம் கூடும்போது ஆறு மி.மீ. அளவுக்கு விரியும், தேக்கே இப்படி என்றால் மற்ற மரங்களைச் சொல்லவே வேண்டாம். சட்டம் போட்டு நடுவில் பலகை சொருகுகிற பழைய கதவு இதற்காகத்தான் வந்தது. பலகை காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய பள்ளம்) நகரும், வெளிச்சட்டம் அப்படியே நிற்கும். அந்தப் பலகையைக் காடிக்குள் பசை போட்டு ஒட்டச் சொன்னால் சில வருஷத்தில் பலகை வெடிக்கும். சட்டங்களின் மூட்டு இறுக்கமாக இருக்கட்டும், பலகை காடியில் தளர்வாகவே இருக்கட்டும்.

அலமாரியும் பிளைவுட்டும்

சுவர் அலமாரிக்கு அளவு எடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சின்ன அளவை எடுத்து, அதிலும் அரை இன்ச் குறைத்துப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். பாக்கி இடைவெளியை ஒரு பட்டை வைத்து மூடிவிடலாம். சுவரின் கோணலுக்கு ஏற்ற மாதிரி பெட்டியையே கோணலாக அறுப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் கதவு மாட்டும்போது படுகிற பாடு தனிக்கதை. பெட்டி சதுரமாக இருக்கட்டும், சுவரோரப் பட்டையை மட்டும் சுவருக்கு ஏற்றபடி சீவிக்கொள்ளலாம்.

பிளைவுட் அறுக்கக் கணக்குப் போடும்போது வாள் தின்கிற மூன்று மி.மீ.யை மறக்க வேண்டாம். எட்டடிப் பலகையில் சரியாக நாலு இரண்டடித் துண்டு வராது, மூன்று அறுப்பில் ஒன்பது மி.மீ. தூளாகப் போயிருக்கும்.

டிராயர்தான் வீட்டிலேயே அதிகத் துல்லியம் கேட்கிற பொருள். டிராயரை ஓட வைக்கிற பக்கவாட்டு டெலஸ்கோபிக் சேனலுக்கு ஒரு பக்கம் அரை இன்ச், அதாவது 13 மி.மீ. வேண்டும். உள் அகலத்திலிருந்து 26 மி.மீ. கழித்துப் பெட்டி செய்தால் ஓடும். இரண்டு மி.மீ. பெரிதாகப் போனால் இழுக்கவே வராது, ஒரு மி.மீ. சின்னதாகப் போனால் மெல்லிய லேமினேட் துண்டை சேனலுக்குப் பின்னால் வைத்துச் சமாளிக்கலாம். அதனால் சந்தேகம் வந்தால் சின்னதாகவே செய்யச் சொல்லுங்கள். இங்கே டேப் எண்ணை நம்பாமல், கட்டின பெட்டிக்குள் ஒரு குச்சியை வைத்து நேரடியாக அளவு எடுத்து, அந்தக் குச்சியை வைத்தே டிராயரை அறுப்பது பழைய பழக்கம். எண்ணை வாசிப்பதில், எழுதுவதில், கத்திச் சொல்வதில் வருகிற தப்பு எதுவும் அதில் வராது. லேமினேட் ஒட்டியபின் ஒரு பக்கத்துக்கு ஒரு மி.மீ. கூடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக் கதவில் இவ்வளவு கஷ்டம் கிடையாது. ஆட்டோ ஹிஞ்ச் (அலமாரிக் கதவின் கீல்) ஸ்குரூவைத் திருப்பினாலே இடம் வலம், முன் பின் எல்லாம் ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தலாம். கதவுக்குக் கதவு இடைவெளி சமமாக இல்லை என்று ஆசாரியிடம் கோபிப்பதற்கு முன் அந்த ஸ்குரூவைத் திருப்பத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு அடுக்கி எடை ஏறியதும் எப்படியும் ஒரு தடவை திருப்ப வேண்டி வரும்.

மரக்கதவை மட்டும் அவசரப்பட்டுச் சீவ விடாதீர்கள். முதல் ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு பிடிக்கும், உடனே ஆளைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டால் சித்திரையில் அதே இடத்தில் விரல் நுழையும். மழை விட்டு மாசி, பங்குனி வரை பொறுத்திருங்கள். அப்போதும் பிடித்தால் எந்த இடம் உரசுகிறது என்று சாக்பீஸ் தடவிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் சீவி, சீவின மரத்துக்கு அன்றைக்கே வார்னிஷ் அடித்துவிடுங்கள். கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் முதலிலேயே வார்னிஷ் அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஈரம் அந்த வழியாகவும் ஏறும்.